வால்வு ஆம்ப் மக்கர் பண்ணுதா? முதல்ல வால்வைப் பார்க்காதீங்க, பிளக்கைப் பாருங்க!

பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் வாங்கியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 'எர்த்' விஷயமும், வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனைகளும்

செகண்ட் ஹேண்டில் வால்வு கிட்டார் ஆம்ப் வாங்கியவர்களுக்கு இது பழகிய கதைதான். விற்றவர் வீட்டில் ஜோராகப் பாடிய ஆம்ப், நம் அறைக்கு வந்ததும் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது. இல்லையென்றால் பத்து நிமிடம் பாடிவிட்டு எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிகிறது. அதுவும் இல்லையென்றால் ஃபியூஸ் போய் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "வால்வு போயிருக்கும், மாத்திப் பாரு."

வால்வை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியது சுவரில் செருகும் பிளக். அதிலும் புதுச்சேரியில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரான்ஸிலிருந்தும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வருபவர்களின் பொருள்கள் ஊரிலும் ஆரோவில் பக்கமும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அப்படி வரும் ஆம்ப்பின் பிளக் நம் வீட்டு சாக்கெட்டில் நுழைந்துவிடும். ஆம்ப் ஆன் ஆகும், பாடவும் செய்யும். ஆனால் எர்த் மட்டும் இணைந்திருக்காது. எர்த் இல்லை என்று ஆம்ப் எந்த விதத்திலும் காட்டிக்கொடுக்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

வால்வு ஆம்ப்: அது என்ன, ஏன் இன்னும் இருக்கிறது?

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? ஆன் செய்ததும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செவ்வொளியில் சூடாகி, அரை நிமிடம் கழித்துத்தான் குரல் கேட்கும். கிட்டார் ஆம்ப்பில் இருப்பதும் அதே வால்வுதான். 1904-இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வை உருவாக்கினார். 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது முனையைச் சேர்த்தார். சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் வழி அப்படித்தான் பிறந்தது.

இந்தியாவிலும் வால்வு தயாரானது. 1954-இல் பிரான்ஸின் சி.எஸ்.எஃப். நிறுவன ஒத்துழைப்போடு பெங்களூருவில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-இல் ரேடியோ வால்வுகள் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து வால்வை வீட்டை விட்டு விரட்டிவிட்டது. கிட்டார் உலகம் மட்டும் விடவில்லை. காரணம் எளிது. வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்போது ஒலி சட்டென்று உடையாமல் மெதுவாகக் கரகரக்கிறது. ராக், ப்ளூஸ் கிட்டாரின் குரலே அந்தக் கரகரப்புதான்.

ரேடியோவுக்கும் கிட்டார் ஆம்ப்புக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமை அல்ல. ஃபெண்டர் ஆம்ப்களை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முதல் ஆம்ப்பும் ஃபெண்டரின் 'பேஸ்மேன்' சர்க்யூட்டை ஒட்டியதுதான். அதனால் வால்வு ரேடியோவைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்குக் கிட்டார் ஆம்ப் அந்நியப் பொருள் அல்ல. இதைக் கடைசியில் பார்ப்போம்.

பிரெஞ்சு பிளக்கில் என்ன சிக்கல்?

நம் ஊர் த்ரீ பின் பிளக்கில் மேலே தடியாக ஒரு பின் இருக்கிறது அல்லவா? அதுதான் எர்த். பிரான்ஸில் இது தலைகீழ். அங்கே எர்த் பின் சுவரில் உள்ள சாக்கெட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதை வாங்கிக்கொள்ள ஒரு துளை மட்டும் இருக்கும். ஜெர்மனி வகை பிளக்கில் இரண்டு பக்கமும் உலோகத் தகடு இருக்கும். இன்று ஐரோப்பாவிலிருந்து வரும் பெரும்பாலான பிளக்குகளில் துளை, தகடு இரண்டுமே இருக்கின்றன.

இந்த பிளக்கின் இரண்டு உருளைப் பின்களும் 19 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நம் 6 ஆம்பியர் சாக்கெட்டின் கீழ்த்துளைகளும் கிட்டத்தட்ட அதே இடைவெளிதான். அதனால் கொஞ்சம் லூஸாக இருந்தாலும் பிளக் உள்ளே போய்விடும். 'யுனிவர்சல்' என்று போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் போகும். ஆனால் அந்தத் துளையையோ தகட்டையோ தொட நம் சாக்கெட்டில் எதுவும் இல்லை. எர்த் வயர் அந்தரத்தில் தொங்குகிறது. கடைகளில் விற்கும் டிராவல் அடாப்டர்களில் பலவும் இரண்டு பின்னை மட்டுமே இணைக்கும். அவற்றால் இந்தக் குறை தீராது.

மிக்ஸி, ஃபேனைவிட இது கிட்டார் ஆம்ப்பில் ஏன் பெரிய விஷயம்? கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிளின் வெளி உறை வழியாக, ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு நேரடியாக இணைந்திருக்கின்றன. இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றே செய்த அமைப்பு அது. சட்டத்தில் கரண்ட் கசிந்தால் அடுத்த நொடி அது உங்கள் விரலில் இருக்கும். எர்த் இருந்தால் கசியும் கரண்ட் அந்த வழியாக ஓடி, ஃபியூஸையோ பிரேக்கரையோ துண்டித்துவிடும். எர்த் இல்லையென்றால், அடுத்த வழி வாசிப்பவரின் உடம்பு.

மேடையில் இது இன்னும் மோசம். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டருகே மைக். மைக் வேறு மிக்ஸரில், வேறு லைனில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் கரண்ட் கையிலிருந்து வாய்க்கு, அதாவது நெஞ்சைக் கடந்து போகும். ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் மேடையிலேயே இப்படித்தான் இறந்தார். சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். வயது 27. 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப், 1976 மே மாதம் தன் வீட்டில் எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்தபோது ஷாக் அடித்து இறந்தார். வயது 33.

பிரான்ஸில் 1982-இல் தொடங்கிய 'ஃபெத் த லா மியூசிக்' இசை விழா ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் நடக்கிறது. திறந்தவெளி, ஜெனரேட்டர், அவசரமாக இழுத்த வயர், ஆளுக்கொரு ஆம்ப் என்று எந்த விழாவுக்காவது வாசிக்கப் போகிறவர்கள் ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். மல்டிமீட்டரை 'ஏசி வோல்ட்' நிலையில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் உலோக வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் நல்லது. பத்து, இருபது வோல்ட்டைத் தாண்டினால் வாசிக்க ஆரம்பிக்காதீர்கள். சவுண்ட் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆம்ப்பைச் சுவரிலிருந்து முழுவதும் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது. மல்டிமீட்டரை மிகக் குறைந்த 'ஓம்' அளவில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும், இன்னொன்றை ஆம்ப் சட்டத்தின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பல ஓம்கள் காட்டினாலோ, எண் நிலையில்லாமல் ஆடினாலோ, எதுவுமே காட்டாவிட்டாலோ அந்த ஆம்ப்பை ஆன் செய்ய வேண்டாம்.

அடுத்தது சுவர். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. இதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவர் அளந்து சொல்ல வேண்டிய கணக்கு: லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட், லைனுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகள் மட்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிட்டால், கரண்ட் வழி தவறிக் கசியும்போது சட்டென்று துண்டித்துவிடும்.

பிளக்கைச் சரிசெய்வது எப்படி? பவர் கார்டு ஆம்ப்பிலிருந்து தனியாகக் கழன்று வருகிறது என்றால் வேலை சுலபம். கம்ப்யூட்டருக்குப் போடும் அதே வகை கார்டுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இந்திய த்ரீ பின் கார்டு ஒன்றை வாங்கி மாற்றினால் முடிந்தது.

கார்டு ஆம்ப்போடு சேர்ந்தே இருந்தால் எலெக்ட்ரீஷியன் பிளக்கை வெட்டி மாற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் பழைய வழக்கப்படி சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஐரோப்பிய கார்டில் பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். அமெரிக்க கார்டிலோ கறுப்புதான் லைன், வெள்ளை நியூட்ரல்! "கறுப்புன்னா நியூட்ரல்தானே" என்று கைப்பழக்கத்தில் மாட்டிவிட்டால் சுவிட்சும் ஃபியூஸும் தவறான பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆம்ப்பை ஆஃப் செய்த பிறகும் உள்ளே லைன் இருக்கும்.

இரண்டே வயர் உள்ள பழைய அமெரிக்க ஆம்ப் கிடைத்தால் கூடுதல் எச்சரிக்கை. அவற்றில் மெயின்ஸுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சட்டம் முழுக்க லைன் வந்துவிடும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயரே 'மரண கெப்பாசிட்டர்'. அதை எடுத்துவிட்டு, மூன்று வயர் கார்டு போட்ட பிறகே அந்த ஆம்ப்பைத் தொடலாம்.

வோல்டேஜ் சரியா?

நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரான்ஸிலும் இன்று அதேதான். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். 120 வோல்ட் ஆம்ப்பை நேரே நம் சுவரில் செருகினால் ஃபியூஸ் போகும். அதிர்ஷ்டம் கெட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

பழைய ஐரோப்பிய ஆம்ப்கள் பலவற்றின் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருக்கும். 230 அல்லது 240-இல் வைப்பது நல்லது. 220-இல் வைத்திருக்கும்போது வீட்டில் 240 வந்தால், வால்வின் ஹீட்டருக்குப் போக வேண்டிய 6.3 வோல்ட் கிட்டத்தட்ட 6.9 ஆகிவிடும். அது தாங்கும் வரம்பின் விளிம்பு. வால்வின் ஆயுள் குறையும்.

அமெரிக்க ஆம்ப்புக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, வெளியேறும் பக்கத்தில் எர்த் தொடர்கிறதா? மலிவானவை பலவற்றில் தொடராது. இரண்டு, எத்தனை வாட்? 15 வாட் ஆம்ப் என்றால் 15 வாட் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டு ஈஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7 உள்ள ஆம்ப்பில் வால்வுகளின் ஹீட்டருக்கே 15 வாட் போய்விடும். ஆம்ப்பின் பின்னால் அச்சிட்டிருக்கும் மின் நுகர்வு எண்ணைப் பார்த்து, அதைவிடத் தாராளமாக வாங்குங்கள்.

கரன்ட் போனதும் இன்வெர்ட்டரில் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டரில் ஆம்ப் 'ஜ்ஜ்ஜ்' என்று கத்தும். அது ஆம்ப்பின் குறை அல்ல. 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இருக்காது.

திறக்காமலே என்னென்ன கண்டுபிடிக்கலாம்?

பிளக், எர்த், வோல்டேஜ் மூன்றும் சரி. இப்போது ஆம்ப்புக்கு வரலாம். உள்ளே சிக்னல் போகும் வழி ஒரு நேர்கோடு: கிட்டார் ஜாக், ப்ரீ-ஆம்ப் வால்வுகள், டோன் கன்ட்ரோல், பவர் வால்வுகள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர். கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பெரும்பாலும் காதும் கண்ணுமே போதும்.

*சுத்தமாக உயிரே இல்லை.* சாக்கெட், கார்டு, ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸ் மட்டும் போடுங்கள். வால்வு ஆம்ப்களுக்குப் பெரும்பாலும் 'ஸ்லோ ப்ளோ' வகை. ஃபியூஸ் முனையில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'டி' எழுத்து இருக்கும். புதியதும் உடனே போனால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள். சிகரெட் பேப்பரின் வெள்ளித் தாளைச் சுற்றும் நம்ம ஊர் வித்தை இங்கே வேண்டவே வேண்டாம். பத்து ரூபாய் ஃபியூஸ் காப்பாற்றியிருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

*விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை.* ஸ்டாண்ட்பை சுவிட்ச் ஆன்தானா? எல்லா வால்வுக்குள்ளும் செம்புள்ளி ஒளிர்கிறதா? ஸ்பீக்கர் வயர் மாட்டியிருக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகலாம். ஆம்ப்பிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்று அது. ஸ்பீக்கரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் 6-லிருந்து 7 ஓம் வரை காட்டும். அது சரியான அளவுதான், பயப்பட வேண்டாம்.

*எஃபெக்ட்ஸ் லூப் உள்ள ஆம்ப் மங்கலாகப் பாடுகிறது அல்லது அடிக்கடி நின்றுபோகிறது.* பின்னால் உள்ள 'சென்ட்', 'ரிடர்ன்' ஜாக்குகளை ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால், ஜாக்கின் உள்தொடர்பு அழுக்கேறியிருக்கிறது. கிட்டாரை நேரே 'ரிடர்ன்' ஜாக்கில் செருகியும் பார்க்கலாம். சத்தம் வந்தால் பவர் பகுதி நலம், சிக்கல் ப்ரீ-ஆம்ப் பக்கம்.

*உறுமல்.* இங்கே கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டை வாசியுங்கள். அந்த 'ஜி' 98 ஹெர்ட்ஸ். உறுமல் கிட்டத்தட்ட அதே சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். மின்சாரத்தை ஏசியிலிருந்து டிசியாக மாற்றிய பிறகு மிஞ்சும் அலை அது. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்பதன் அடையாளம். அவற்றின் ஆயுள் பொதுவாக 15, 20 வருடம்தான். ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ். கேபிள், ஹீட்டர் வயரிங், எர்த் லூப் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். அமெரிக்க வீடியோக்களில் 60, 120 என்று சொல்வது அவர்கள் ஊர் கணக்கு. நம் ஊருக்கு 50, 100.

வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறைத்தும் உறுமல் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். குறைந்தால் முன்னால்.

*எர்த் லூப்.* ஆம்ப், பெடல், லேப்டாப் எல்லாம் வெவ்வேறு சாக்கெட்டில் இருந்தால் எர்த் வயர்களே ஒரு வளையமாகி உறுமும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றுங்கள். போகவில்லையென்றால் சிக்னல் பாதையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியைப் போடுங்கள். "எர்த் பின்னை உடைச்சிடு, ஹம் போயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹம் போகலாம். கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும்.

*பொரியும் சத்தம், கணீர் சத்தம்.* ஆம்ப் ஓடும்போது ஒவ்வொரு ப்ரீ-ஆம்ப் வால்வையும் பென்சிலின் மரப் பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். எதைத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி மாதிரி கணீரென்று கேட்கிறதோ அது 'மைக்ரோஃபோனிக்' ஆகிவிட்டது. நல்லது என்று தெரிந்த ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 கையில் இருந்தால் போதும். ஆம்ப்பை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, ஒவ்வொரு இடமாக மாற்றிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். ஐரோப்பாவில் இதே வால்வை ஈசிசி83 என்பார்கள். உயரமான ஈஎல்84-க்கும் அதே ஒன்பது பின்தான். ஆனால் அது பவர் வால்வு. இடம் மாற்றிச் செருகிவிடாதீர்கள்.

*கண்ணால் பார்க்க வேண்டியவை.* வால்வின் உச்சியில் உள்ள வெள்ளி பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று போய்விட்டது, வால்வு முடிந்தது. கண்ணாடியை ஒட்டி மெல்லிய நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் பவர் வால்வின் சாம்பல் நிறத் தகடே செக்கச் செவேல் என்று பழுத்தால், அந்த நொடியே ஆஃப் செய்யுங்கள். பயாஸ் தவறியிருக்கலாம் அல்லது கப்ளிங் கெப்பாசிட்டர் கசியலாம். 'இன்னும் ஒரு பாட்டு' என்று ஓட்டினால் வால்வோடு சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரும் போகும்.

கடற்காற்று செய்யும் வேலை

புதுச்சேரியில் கேட் கீல் முதல் சைக்கிள் செயின் வரை எது துருப்பிடிக்கவில்லை? ஆம்ப்பும் விதிவிலக்கு அல்ல. உப்பும் ஈரமும் கலந்த காற்று, வால்வு சாக்கெட்டின் சின்னச் சின்னத் தகடுகளிலும் ஜாக்கிலும் வால்யூம் கன்ட்ரோலிலும் படலமாகப் படிகிறது. வால்வு கெட்டுவிட்டது என்று நினைக்கும் பல சந்தர்ப்பங்களில் உண்மையில் கெட்டிருப்பது இந்தத் தொடர்புகள்தான்.

அறிகுறி சுலபம். கன்ட்ரோலைத் திருகும்போது கரகரக்கும். கிட்டார் ஜாக்கை அசைத்தால் சத்தம் போய் வரும். வைத்தியமும் சுலபம். ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, ஆறிய பிறகு கேபிள் முனையில் கான்டாக்ட் கிளீனரைத் தொட்டு ஜாக்குக்குள் நாலு முறை செருகி எடுங்கள். வால்வு பின்களைத் துடைத்து, நேராகப் பிடித்து மறுபடி செருகுங்கள். துரு போக வீட்டில் வைத்திருக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். அது படலமாகத் தங்கி அழுக்கைச் சேர்க்கும். 'எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர்' என்று கேட்டு வாங்குங்கள்.

உள்ளே திறக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன எதுவும் சட்டத்தைத் திறக்காமல் செய்யக்கூடியவை. அதற்கு மேல் போனால் கணக்கே வேறு. சின்ன ஈஎல்84 ஆம்ப்பின் உள்ளேயே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். 6எல்6, ஈஎல்34 போட்ட பெரிய ஆம்ப்களில் 400-ஐத் தாண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டாலும் கெப்பாசிட்டர்கள் அந்த வோல்டேஜைப் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

"அதான் ஆர்.சி.சி.பி. இருக்கே?" என்று கேட்கலாம். இங்கே அது காப்பாற்றாது. ஆம்ப்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே இருக்கும் உயர் வோல்டேஜை மெயின்ஸிலிருந்து தனியாகப் பிரித்துவிடுகிறது. அந்தப் பக்கம் நீங்கள் ஷாக் வாங்கினால், மெயின்ஸ் பக்கம் இருக்கும் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

தெரிந்த மெக்கானிக் முதலில் என்ன செய்வார் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறோமா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியாக மெதுவாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வைப்பார். ஸ்க்ரூ டிரைவரால் 'டப்'பென்று ஷார்ட் செய்ய மாட்டார். அடுத்து, ஆம்ப்பை நேரே சுவரில் செருகாமல் சீரிஸ் லேம்ப் வழியாக ஆன் செய்வார். ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்ட பலகைதான் அது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இன்னொரு ஃபியூஸையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலி கொடுக்காமல் இது தெரிந்துவிடும். இந்த வேலைக்கு எல்.இ.டி. பல்பு உதவாது, பழைய குண்டு பல்பே வேண்டும்.

யாரிடம் கொடுப்பது?

மொபைல், டிவி சர்வீஸ் கடைகளில் இருக்கும் இளைஞர்கள் பலர் வால்வைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். தேட வேண்டியது தலைமுடி நரைத்தவர்களை. ஒரு காலத்தில் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிய சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ஆம்ப்ளிஃபயர்களும் வால்வில்தான் ஓடின. அவற்றையும் வால்வு ரேடியோக்களையும் சரிசெய்து வளர்ந்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். கிட்டார் ஆம்ப்பின் பிராண்ட் பெயர் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். சர்க்யூட் புதிதல்ல. மாடல் பெயரைத் தேடி சர்க்யூட் டயகிராமை பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

சொல்லும் விதமும் முக்கியம். "சவுண்டு சரியில்ல அண்ணே" என்பதற்குப் பதிலாக, "வால்யூம் பூஜ்யத்துல வச்சாலும் 100 ஹெர்ட்ஸ் உறுமுது, ஆன் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஆரம்பிக்குது, எர்த் செக் பண்ணிட்டேன்" என்று சொல்லுங்கள். பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி.

கெப்பாசிட்டர், ஜாக், கார்டு போன்றவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கும். புது வால்வு பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று உலகில் மிகச் சில நாடுகளில் மட்டுமே இப்போது வால்வு பெருமளவில் தயாராகிறது. 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வால்வு வரத்து தடுமாறியபோது உலகம் முழுக்க கிட்டார் கலைஞர்கள் தவித்தார்கள். அதனால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நல்ல வால்வுகளையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள். கழற்றிய பழைய வால்வைத் தூக்கிப் போடாமல் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. எந்த நாட்டு ஆம்ப்? பின்னால் என்ன வோல்டேஜ் அச்சிட்டிருக்கிறது?
2. பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா, அது சட்டத்தோடு இணைந்திருக்கிறதா? மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள்.
3. சரியான ஃபியூஸ் இருக்கிறதா, வேறு ஏதாவது சுற்றி வைத்திருக்கிறார்களா?
4. குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேட்டீர்களா? சூடான பிறகு வரும் கோளாறு முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது.
5. ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எப்போது மாற்றப்பட்டன? 'மாத்தினதே இல்ல' என்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் மற்ற நான்கையும் ஒத்திவையுங்கள். கார்டை மாற்றிய பிறகு பேரம் பேசலாம், வாசித்தும் பார்க்கலாம்.